தாளின் பின்பக்கம்

ராத்திரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தால் சிங்கம் கத்துவது கேட்கும். வண்டலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 1985இல் உயிரியல் பூங்கா பட்டணத்திலிருந்து இங்கே மாறி வந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்தான். 2020 ஊரடங்கில் ஜி.எஸ்.டி. சாலை அடங்கிக் கிடந்தபோது அது பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் இருந்தது. அந்த மாதங்களில்தான் நான் பொம்மைப் படம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு வயது 43.

கற்றுக்கொண்டேன் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அதுவரை டிவி முன்னால் சும்மா உட்கார்ந்த ஞாபகமே எனக்கு இல்லை. சீரியல் ஓடும்போது கை பூண்டு உரிக்கும், கீரை ஆயும், துணி மடிக்கும். வசனம் காதில் விழுந்தால் போதும், கதை புரிந்துவிடும். பெண்கள் கை ஓயாமல் வேலை செய்துகொண்டே பார்ப்பதற்கென்றே சீரியல் எடுக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஜப்பானியப் படத்தில் அது நடக்காது. பேச்சு ஜப்பானியம், கீழே ஓடுவது ஆங்கில எழுத்து. கண்ணை எடுத்தால் கதை போய்விடும். முதல் நாள் மடியில் வைத்திருந்த முறத்தைப் பத்து நிமிடத்தில் கீழே இறக்கி வைத்தேன். இரண்டு மணிநேரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது முதலில் குற்றம் செய்வதுபோல் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

என் மகள்தான் போட்டாள். அந்த ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஜிப்லி ஸ்டுடியோவின் 21 படங்கள் மூன்று தவணையாக நெட்ஃபிளிக்ஸில் வந்தன. அமெரிக்கா, கனடா, ஜப்பான் நீங்கலாக உலகம் முழுக்க. ஸ்ட்ரீமிங்குக்குத் தரமாட்டோம் என்று பல காலம் பிடிவாதம் பிடித்த ஸ்டுடியோ அது. கல்லூரி மூடிக் கிடந்ததால் மகள் வீட்டில் இருந்தாள். அவள் பார்த்தாள், நான் பார்த்தேன். அம்மா மட்டும் வரவில்லை. "நாப்பது வயசுக்கு மேல பொம்மைப் படமாடி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

'மை நெய்பர் டோடோரோ' படத்தைப் போட்ட அன்றுதான் அம்மா உட்கார்ந்தார். 1988இல் ஹயாவோ மியாசாகி எடுத்த படம் இது. கதை நடப்பது 1950களில். சாட்சுகி, மேய் என்று அக்காவும் தங்கையும். ஆஸ்பத்திரியில் இருக்கும் தாய்க்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அப்பா அவர்களைக் கிராமத்துப் பழைய வீடு ஒன்றுக்குக் கூட்டி வருகிறார். அங்கே பெரிய கற்பூர மரத்தடியில் ஒரு வனதேவதையைக் குழந்தைகள் பார்க்கிறார்கள். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. அக்காவுக்கு வயது பத்து பன்னிரண்டு இருக்கும். விடியற்காலையில் எழுந்து அப்பாவுக்கும் தங்கைக்கும் தனக்கும் சாப்பாடு கட்டுகிறாள். மழை நாளில் அப்பாவுக்குக் குடை எடுத்துக்கொண்டு, தூங்கிவிழும் தங்கையை முதுகில் சுமந்தபடி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள்.

அம்மா தண்ணீர்ச் சொம்போடு கடந்து போனவர் நின்றார்.

"அந்தக் குழந்தைங்க அம்மாவுக்கு என்னடி?"

"ஆஸ்பத்திரியில இருக்காங்கம்மா."

"அது தெரியுது. என்ன சீக்குன்னு கேட்டேன்."

படத்தில் நோயின் பெயர் வராது. மியாசாகியின் தாய் முதுகெலும்புக் காசநோயால் பல வருடம் படுக்கையில் இருந்தவர். அதை நான் வேறெங்கோ படித்திருந்தேன். டிபி என்றேன். அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வரவேண்டிய தாய் வரவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி. அதுவரை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த சாட்சுகி பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று வாய்விட்டு அழுகிறாள். அந்த இடத்தில் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கம்மாவும் சானடோரியத்துல இருந்தாங்க" என்றார்.

எனக்கு இது தெரியாது. 43 வருடமாகத் தெரியாது.

தாம்பரம் சானடோரியம் என்பது இன்று பலருக்கு மின்சார ரயில் நிற்கும் ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான். இங்கிலாந்தில் மென்டிப் குன்றுப் பக்கம் காசநோய் விடுதி நடத்திவிட்டு ஊர் திரும்பிய டாக்டர் சௌரிமுத்து 1928இல் தொடங்கியது அது. 1937இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. அந்தக் காலத்தில் வைத்தியமே அதுதான். பட்டணத்துக்கு வெளியே, மரம் அடர்ந்த இடத்தில் கட்டியதற்கும் அதுவே காரணம். ஜப்பானிலும் இதே கதைதான். 1950 வரை அங்கே மக்கள் அதிகம் செத்தது காசநோயில். அங்கும் நகரத்தைத் தாண்டி, குன்றுகளை ஒட்டி ஆஸ்பத்திரி கட்டினார்கள். டோடோரோவின் கிராமம் தோக்கியோவுக்கு மேற்கே தொகொரொசாவா பக்கத்து நிலம். இன்று அது புறநகர். எஞ்சியிருக்கும் காட்டைக் காப்பாற்ற மக்கள் காசு சேர்த்துத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கி வருகிறார்கள்.

பாட்டி 1957 வாக்கில் உள்ளே போனார். ஏறக்குறைய ஒரு வருடம். அம்மாவுக்கு எட்டு வயது, சித்திக்கு நாலு. வண்டலூர் அப்போது கழனியும் ஏரியுமாக இருந்த ஊர். குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அம்மா எட்டு வயதில் உலை வைத்தார். சித்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிந்தார். பாட்டி பிழைத்து வந்து 1990கள் வரை இருந்தார். ஆனால் அந்த வருடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். டிபி குடும்பம் என்று பேர் வந்தால் எவன் பெண் எடுப்பான்? சம்பந்தம் பேசும்போது மறைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் மறைத்தார்கள். கடைசியில், மறைக்க எந்தக் காரணமும் இல்லாமல் போன பிறகும் பழக்கத்தில் மறைத்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது ஒரு பொம்மைப் படத்தில் திறந்துகொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 1959இல் ஒரு முடிவை வெளியிட்டது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே குணமாகலாம், சானடோரியத்தில் படுத்துக் கிடப்பதற்கும் இதற்கும் பலனில் வித்தியாசம் இல்லை, கூட இருப்பவர்களுக்குத் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை என்று. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தை மாற்றிய ஆய்வு. பாட்டி இரண்டு வருடம் தள்ளிப் படுத்திருந்தால் அம்மா சானடோரியம் மதிலைப் பார்த்திருக்கவே மாட்டார். வீட்டில் வைத்துப் பார்த்திருந்தால் பாட்டிக்கு ஓய்வு கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஒரு வருடம் யாரும் அவரைச் சமைக்கச் சொல்லாத இடம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு அப்புறம் எனக்கு இந்தப் படங்களை யார் வரைந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. இயக்குநர் பேர் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தேவைப்பட்டது, அந்தச் சிறுமி சோற்றுப் பெட்டி கட்டும் கையை வரைந்து வண்ணம் பூசிய கை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இந்தப் படங்கள் எப்படி உருவாயின என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். முக்கியமான அசைவுகளை ஒருவர் பென்சிலால் காகிதத்தில் வரைவார். இரண்டு அசைவுகளுக்கு நடுவில் வரும் படங்களை இன்னொருவர் நிரப்புவார். ஒவ்வொரு காகிதத்தையும் கண்ணாடிபோன்ற செல்லுலாய்டு தாளில் கோடு பிசகாமல் நகல் எடுக்க வேண்டும். பிறகு வண்ணம். தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பூசுவார்கள். முன்பக்கம் பார்ப்பவருக்குத் தூரிகை போன தடம் தெரியக் கூடாது, அதனால். விரல் ரேகை பதியாமலிருக்கத் துணிக் கையுறை. ஒரு முழுநீளப் படத்துக்கு இப்படிப் பல பத்தாயிரம் தாள்கள். கோடு எடுப்பதும் வண்ணம் பூசுவதும் ஆரம்பத்திலிருந்தே பெண்கள் வேலையாக ஒதுக்கப்பட்டவை. ஜப்பானில் மட்டுமல்ல, ஹாலிவுட்டில் டிஸ்னி ஸ்டுடியோவிலும் அப்படித்தான். பொறுமை, நிதானம், சின்ன விரல் என்று அதற்குச் சொன்ன காரணங்களை நாம் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறோம். 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தபோது தையலுக்கும் மின்னணுச் சாமான் பொருத்தவும் எங்கள் பக்கத்துப் பெண்களை வேன் வேனாக ஏற்றிப்போனவர்கள் சொன்னதும் இதேதான். 

டோயெய் என்ற படக் கம்பெனியின் அனிமேஷன் பிரிவு தொடங்கியது 1956. இரண்டு வருடம் கழித்து 'வெள்ளைப் பாம்பின் கதை' வந்தது. ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன் படம். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மியாசாகி அதன் நாயகிமேல் காதலே கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காதலி தாள்களின் பின்பக்கத்தில் பெண்கள் பூசிய வண்ணம். அதே 1958இல்தான் மிச்சியோ யாசுதா என்ற இளம்பெண் பள்ளிப் படிப்பு முடித்துக் கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கோடு எடுக்கும், வண்ணம் பூசும் பிரிவு. மியாசாகியும் இசாவோ தகாஹதாவும் அவருக்குப் பழக்கமானது தொழிற்சங்க வேலையில். பின்னாளில் 'நௌசிகா'விலிருந்து 'போன்யோ' வரை இவர்களுடைய படங்களில் எந்த இலைக்கு எந்தப் பச்சை, எந்த நேரத்து வானத்துக்கு எந்த நீலம் என்று தீர்மானித்தவர் யாசுதா. ஓய்வு பெற்ற பிறகும் 2013இல் 'தி விண்ட் ரைசஸ்' படத்துக்காகத் திரும்ப வந்தார். 2016இல் காலமானார். டோடோரோவில் மழைக்குப் பிந்தைய வயலின் பச்சை அவருடையது. நாற்றங்கால் பார்த்து வளர்ந்த என் அம்மா, "இது நட்டு இருபது நாள் ஆன பயிர்" என்று சொன்ன பச்சை.

வரையும் மேசையில் உட்கார்ந்த பெண்கள் கொஞ்சம்பேர்தான். கசுகோ நகமுரா அவர்களில் மூத்தவர். 1967இல் வந்த 'பிரின்சஸ் நைட்' தொடரில், ஆண் வேஷம் போட்டு வாள் வீசும் இளவரசியை அசைய வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. இன்னொருவர் ரெய்கோ ஒகுயாமா. இவர் 1957இல் டோயெயில் சேர்ந்ததே ஒரு குழப்பத்தில். 'தோகா' என்று உச்சரிக்கும்போது ஜப்பானியத்தில் அசையும் படம் என்றும் பொருள்படும், குழந்தைகளுக்கான ஓவியம் என்றும் பொருள்படும். குழந்தைப் புத்தகத்துக்குப் படம் போடும் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு போனார். போன இடத்தில் வேலை பிடித்துவிட்டது. நடுப்படம் நிரப்புவதில் தொடங்கி, முக்கிய அசைவுகளை வரைபவராகி, 1975இல் டோயெயின் 'கடற்கன்னி' படத்துக்கு அனிமேஷன் மேற்பார்வையாளராக உயர்ந்தார். தினமும் வேறு வேறு உடை உடுத்தி வருவாராம், ஒருநாள் போட்டதை மறுநாள் பார்க்க முடியாதாம். சக கலைஞரான அவர் கணவர் யோய்ச்சி கொதாபே இதைச் சிரிப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். சரித்திரத்தில் இந்த மாதிரி விவரங்களைத்தான் முதலில் வெட்டிவிடுவார்கள். எனக்கு இது வேண்டும்.

கல்யாணமானால் பெண் வேலையை விட வேண்டும், குறைந்தபட்சம் குழந்தை பிறந்தாலாவது விட வேண்டும். அன்றைய ஜப்பானியக் கம்பெனிகளில் பரவலாக இருந்த வழக்கம் இது. 1966இல் சுமிதோமோ சிமென்ட் கம்பெனியில் கல்யாணத்துக்காக வெளியேற்றப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கில் தோக்கியோ நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஒகுயாமா குழந்தை பெற்ற பிறகும் மேசையை விடவில்லை. சங்கம் கூட நின்றது, கணவரும் பிள்ளை வளர்ப்பில் பங்கெடுத்தார். பின்னால் வந்தவர்களுக்கு அது ஒரு வழியானது. 2019இல் என்ஹெச்கே தொலைக்காட்சி அவரை முன்மாதிரியாக வைத்து 'நட்சுசோரா' என்று ஒரு காலைத் தொடரே எடுத்தது. 

நம் ஊர் இதில் ஒன்றும் முந்தி இல்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண் முதல் தடவை கர்ப்பமானால் வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் நர்கேஷ் மீர்சா வழக்கில் நீக்கியது 1981இல். அதே தீர்ப்பில், வேலைக்குச் சேர்ந்து நாலு வருடத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை மட்டும் நியாயம் என்று விட்டுவைத்தார்கள்.

விட்டுப் போனவர்களும் உண்டு. மியாசாகியின் மனைவி அகெமி ஓதா டோயெயில் அவருக்கு முன்பே சேர்ந்த வரைகலைஞர். பிள்ளைகள் பிறந்த பிறகு அவர் வேலையை விட்டார், கணவர் வரைந்துகொண்டே இருந்தார். துணிச்சலான சிறுமிகளை உலகத்துக்குத் தந்த வீட்டில் இதுதான் ஏற்பாடு. ஜிப்லி தொடங்கியது 1985. இன்றுவரை அதன் முழுநீளத் திரைப்படம் எதையும் ஒரு பெண் இயக்கியதில்லை. ஏன் என்று 2016இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கேட்டபோது, அங்கே தயாரிப்பாளராக இருந்து விலகியிருந்த யோஷியாகி நிஷிமுரா, பெண்கள் நடைமுறையைப் பார்ப்பவர்கள், கற்பனைக் கதைக்கு ஆண்களின் லட்சியப் பார்வைதான் ஏற்றது என்ற தொனியில் பதில் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். அதைப் படித்த வாரம் முழுக்க எனக்கு ஜிப்லி படம் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு யோசித்தேன். அவர் பேச்சைக் கேட்டுவிட்டு நான் படத்தைவிட்டு எழுந்தால், யாசுதாவின் பச்சையைவிட்டும் சேர்த்து எழுந்து போகிறேன். அந்தப் படங்களை அவர் ஒருவருக்கே எழுதிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கடுத்துப் பார்த்தது தகாஹதாவின் 'ஒன்லி யெஸ்டர்டே', 1991. கல்யாணம் ஆகாத 27 வயது அலுவலகப் பெண் தாய்கோ, லீவு போட்டு யமகத்தா கிராமத்தில் செந்துருக்கம்பூ பறிக்கப் போகிறாள். போகிற வழியெல்லாம் ஐந்தாம் வகுப்பில் படித்த சிறுமியாகத் தன்னை நினைத்துக்கொள்கிறாள். பள்ளியில் மாதவிலக்கு பற்றிப் பெண்களுக்கு மட்டும் தனியாக வகுப்பு எடுப்பதும், விஷயம் கசிந்து பையன்கள் கேலி செய்வதும் அதில் வருகிறது. இந்தக் காட்சியும் ஒரு காரணம் என்கிறார்கள், அந்தப் படம் ஆங்கிலப் பேச்சோடு அமெரிக்கத் திரையரங்குக்குப் போக 25 வருடம் ஆனது. எனக்கு அதைவிட மனதில் நின்றது பூ. முள் குத்தி ரத்தம் வழியப் பறித்த பெண்களின் உதட்டில் அந்தப் பூவின் சிவப்பு ஒருநாளும் ஏறியதில்லை, அது கியோட்டோவின் பணக்காரப் பெண்களுக்குப் போனது என்று தாய்கோ சொல்கிறாள்.

கியோட்டோ என்றதும் இன்னொரு பெயர் சொல்ல வேண்டும். யோகோ ஹத்தா தோக்கியோவில் அனிமேஷன் கம்பெனி ஒன்றில் வண்ணம் பூசும் வேலை பார்த்தவர். கல்யாணமாகி கியோட்டோவுக்குத் தெற்கே ஊஜி என்ற புறநகருக்கு வந்தார். கையில் தொழில் இருக்கிறது, ஊரில் கம்பெனி இல்லை. அக்கம்பக்கத்துக் குடும்பப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தோக்கியோ கம்பெனிகளுக்கு வண்ணம் பூசிக் கொடுக்க ஆரம்பித்தார். 1981. நம் தெருக்களில் அப்பளம் இட்டதும் பீடி சுற்றியதும் போலத்தான் அது தொடங்கியிருக்கும். ஆனால் அப்படியே நின்றுவிடவில்லை. கியோட்டோ அனிமேஷன் என்ற நிறுவனமாக வளர்ந்தது. படத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி தரும் தொழிலில், மாதச் சம்பளம் கொடுத்துக் கலைஞர்களை வைத்துக்கொண்டது. அங்கே வளர்ந்த நவோகோ யமாதா 2016இல் 'எ சைலண்ட் வாய்ஸ்' எடுத்தார். காது கேளாத ஒரு சிறுமியையும் அவளைத் துன்புறுத்திய பையனையும் பற்றிய படம். இயக்கம், திரைக்கதை, மூலக் காமிக்ஸ் மூன்றும் பெண்களுடையவை. 2019 ஜூலை 18 அன்று ஒருவன் அந்த ஸ்டுடியோவுக்குத் தீ வைத்தான். 36 பேர் இறந்தார்கள். பலர் இளம்பெண்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்தது அடுத்த வருடம். முதல் காட்சியிலிருந்தே, இதை வரைந்த விரல்களில் எது இன்று இல்லையோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனாலும் பார்த்து முடித்தபோது சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அம்மா வாராவாரம் கேட்கிறார். ஆங்கிலம் தெரியாததால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவேன். ஜப்பானியத்திலும் வினைச்சொல் நம்மைப்போலக் கடைசியில்தான் வரும். ஆங்கில எழுத்து அவசரப்பட்டு முன்னாலேயே சொல்லிவிடும், நான் திரும்ப இழுத்துப் பிடித்துக் கடைசியில் வைப்பேன். அம்மாவுக்குப் பிடித்தது எப்போதும் டோடோரோதான். குழந்தைகள் மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகத் தாய் சிரிப்பதைப் பார்க்கும் இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஜன்னல் விளிம்பில் ஒரு மக்காச்சோளக் கதிரை வைத்துவிட்டு அவர்கள் போய்விடுகிறார்கள். "எனக்கு இந்த மரம் கிடைக்கல" என்று ஒரு தடவை சொன்னார்.

படம் முடிந்து பேர்கள் ஓடத் தொடங்கியதும் நெட்ஃபிளிக்ஸ் அதைச் சின்னதாக்கி மூலையில் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவப் பார்க்கும். மகள் ரிமோட்டை எடுத்துப் பழையபடி பெரிதாக்குவாள். யாசுதாவின் பெயர் நான்கு எழுத்து. எனக்கு ஜப்பானியம் தெரியாது, ஆனால் இரண்டாவது எழுத்தை வைத்து அடையாளம் பிடித்துவிடுவேன். ஒரு சதுரம், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. 'தா' என்றால் நெல் வயல். அம்மாவிடம் காட்டினேன்.

"கழனிதானே அது. வரப்புகூட இருக்கே."

ஜப்பானியப் பெயர்களில் பாதி வயல்தான். பேர்கள் மேலே ஏற ஏற அம்மா திரையைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். "இதோ இன்னொரு கழனி. அந்தா, அங்க ஒண்ணு."